பரண் மேலே இருக்குது தாத்தா குரல்! பழைய ‘ஸ்பூல் டேப்’பை அவசரப்பட்டு ஓட்டாதீர்கள்!

ஏரல்:

பரண் மேலே ஒரு பெட்டி. பெட்டிக்குள் பழைய ‘ஸ்பூல் டேப் ரிக்கார்டர்’. கூடவே நாலைந்து டேப் சுருள்கள். ஒன்றில் தாத்தா பேசியது. ஒன்றில் அக்கா கல்யாணத்து நாதசுரம். இன்னொன்றில் சுடலைமாட சாமி கொடைக்குப் பாடிய வில்லுப்பாட்டு.

பெட்டியை இறக்குகிறார்கள். தூசி தட்டுகிறார்கள். பிளக்கைச் சொருகி, ‘டப்’ என்று சுவிட்சைப் போடுகிறார்கள்.

அரை நிமிஷம்தான்! ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். டேப் சுருண்டு உருளையில் சிக்குகிறது. ‘படக்’ என்று அறுகிறது. அறுபது வருஷமாகப் பத்திரமாக இருந்த குரல் கண் முன்னாலேயே கந்தலாகிப் போகிறது.

குற்றவாளி யார்? காய்ந்து போன கிரீசும், செத்துப் போன ஒரு ரப்பர் வளையமும்தான்!

மெஷின் கெட்டால் சரி பண்ணலாம். ரப்பர் போனால் வேறு ரப்பர் போடலாம். டேப் போனால்? அதிலே இருக்கிற ஆள் திரும்ப வந்து பேசப் போவதில்லை. ஆகவே வைத்தியம் முதலில் மெஷினுக்கு. டேப்பைத் தொடுவது அப்புறம்.

வெள்ளம் வந்த பிறகு...

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவே மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை! தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. ஏரலில் ஆற்றுப் பாலம் சேதமாகிப் போக்குவரத்து அறுந்தது. கடைத்தெருவுக்குள் வெள்ளம் புகுந்து சரக்கெல்லாம் நாசம். சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு ஏரல்தான் சந்தை. அடி பலமாக விழுந்தது.

கடைச் சரக்குக்குக் கணக்கு எழுதலாம். வீட்டுக்குள் நனைந்த பழைய போட்டோவுக்கும், கல்யாணப் பத்திரிகைக்கும், டேப் சுருளுக்கும் யார் கணக்கு எழுதுவது?

நனைந்த டேப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தச் சுருளுக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதைப் பார்க்கலாம்.

மூணு நிமிஷமும் ஒன்றரை மணியும்

கிராமபோன் தட்டு காலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் இடம். எவ்வளவு பெரிய வித்வானானாலும் மூன்று நிமிஷத்தில் ராகத்தை மடக்கி வைக்க வேண்டும். அப்புறம்தான் டேப் வந்தது. 1935-ல் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் ஜெர்மனிக்காரர்கள் இந்த யந்திரத்தைக் காட்டினார்கள். பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்புத் துரு மாதிரி ஒரு பூச்சு. அந்தப் பூச்சில் காந்தமாகக் குரல் பதிகிறது. சங்கதி அவ்வளவுதான்.

ஏழு அங்குலச் சுருளில் மெல்லிய டேப் 1800 அடி பிடிக்கும். செகண்டுக்கு ஒன்பதரை சென்டி மீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கம் மட்டுமே 96 நிமிஷம்! வில்லுப்பாட்டுக்காரர் ஒரு கதையை நிறுத்தி நிதானமாகப் பாடலாம். குடமும் உடுக்கையும் வீசுகோலும் ஒன்றுவிடாமல் பதியும்.

நம்ம தாமிரபரணிக் கரை தந்த நாதசுரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் அவர் வாசித்ததை நாடே கேட்டது. 1921-ல் பிறந்தவர், 1964-லேயே போய்விட்டார். சினிமாவிலும் தட்டிலும் கேட்பது ஒரு துளி. விடிய விடிய அவர் வாசித்தது கோவிலிலும் கல்யாண வீட்டிலும்தான். அப்படிக் கல்யாணக் கச்சேரியில் பதிவான டேப்புகள்தான் கைக்குக் கை மாறி இன்றைக்கும் ரசிகர்களிடையே சுற்றி வருகின்றன. எவரோ ஒரு புண்ணியவான் மைக்கை வைத்து பட்டனை அழுத்தியதால் நமக்குக் கிடைத்தது.

திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது 1963 டிசம்பரில். அதே 1963-ல்தான் பிலிப்ஸ் கம்பெனி சின்ன ‘கேசட்’டை வெளியிட்டது. கேசட் ஊருக்குள் வந்து நிறைந்ததும் ஸ்பூல் மெஷின்கள் பரண் ஏறின. ஏறியவை இறங்கவே இல்லை.

“நேத்து போட்டுப் பாத்தியளா?”

ஸ்பூல் மெஷினோடு யாராவது பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் போனால் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

“அண்ணாச்சி, சுத்துது. ஆனா சத்தம் ஒரு மாதிரி இழுக்குது.”

“நேத்து போட்டுப் பாத்தியளா?”

“ஆமா. ரெண்டு மூணு தடவ போட்டுப் பாத்தோம்.”

“எந்த டேப்பப் போட்டிய?”

“அப்பா பேசுன டேப்புதான்.”

மெக்கானிக் தலையில் கை வைப்பார். வைக்க மாட்டாரா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் முன்னாலேயே பிள்ளையைக் குப்புறப் போட்டு அடித்த மாதிரி அல்லவா!

மூடியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? பயப்பட ஒன்றுமில்லை. இடது பக்கச் சுருளிலிருந்து டேப் கிளம்புகிறது. நடுவில் ‘ஹெட்’டை உரசிக்கொண்டு போகிறது. வலது பக்கச் சுருளில் சுற்றிக்கொள்கிறது. ஹெட்டுக்குப் பக்கத்தில் பென்சில் மாதிரி ஒரு எஃகுத் தண்டு நிற்கும். அதுதான் ‘கேப்ஸ்டன்’. அதோடு ஒட்டி ஒரு ரப்பர் உருளை. அதற்கு ‘பிஞ்ச் ரோலர்’ என்று பேர். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய டேப்பைக் கரும்பு மெஷின் மாதிரி இழுக்கிறது. வேகத்தை நிர்ணயிப்பது சுருள் அல்ல, இந்த ஜோடிதான். அடியில் ஒரு மோட்டார், ஒரு கனத்த சக்கரம், பெல்ட் அல்லது ரப்பர் விளிம்பு வைத்த ‘ஐடிலர்’ சக்கரம். இவ்வளவுதான் கூட்டாளிகள். ஒவ்வொருவனையும் விசாரிக்க வேண்டும்.

ஒவ்வொருவனாக விசாரணை

முதல் ஆள் பெல்ட். பல வருஷம் சும்மா கிடந்த பெல்ட் தளர்ந்திருக்கும். சிலது உருகி, தார் மாதிரி கருப்பாக ஒழுகி, புல்லியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் பட்டால் லேசில் போகாது. வேட்டியில் பட்டால் வேட்டியை மறந்துவிட வேண்டியதுதான். அதைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் புல்லியின் பள்ளம் முழுதும் துடைக்க வேண்டும். ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் அந்த இடம் வரும்போதெல்லாம் குதிக்கும். பாட்டு ஆடும். அளவு எப்படி? பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக வாங்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் மோட்டார் திணறும்.

அடுத்தவன் ஐடிலர். சில மெஷின்களில் பெல்ட்டே இருக்காது; ரப்பர் விளிம்புச் சக்கரம்தான் மோட்டார் சக்தியைக் கடத்தும். விளிம்பு கண்ணாடி மாதிரி வழுவழு என்று ஆகிவிட்டால் வழுக்கும். அதன் மேல் எண்ணெய் பட்டிருந்தாலும் வழுக்கும். “மெஷின் நிக்குதே” என்று வீட்டில் யாராவது தேங்காய் எண்ணெயை ஊற்றியிருப்பார்கள். இருக்கிற வியாதியோடு புது வியாதி!

மூன்றாவது பிஞ்ச் ரோலர். இவன்தான் பெரிய கை. ரப்பர் இறுகினால் பிடி போய்விடும். டேப் மேலும் கீழும் நழுவும்; ஓரம் மடங்கும்; குரல் அழுகிற மாதிரி நெளியும். சில வீடுகளில் ‘பிளே’ பட்டனை அழுத்தின நிலையிலேயே மெஷினைப் பரணில் ஏற்றியிருப்பார்கள். வருஷக்கணக்கில் எஃகுத் தண்டு அழுத்தி, ரப்பரில் பள்ளம் விழுந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தொப்... தொப்...’ என்று கேட்கும். லேசான அழுக்கு என்றால் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. நாலு நாள் ஓடும். உருளையும் வட்டம் கெடும். பள்ளம் விழுந்ததற்கு ஒரே வழி, உலோக அச்சை வைத்துக்கொண்டு மேலே புது ரப்பர் ஏற்றிக் கடைசல் பிடிப்பதுதான்.

ரப்பரை விட மோசக்காரன் கிரீஸ். போட்ட புதிதில் வெண்ணெய். அறுபது வருஷம் கழித்து மெழுகு. இன்னும் மோசமானால் பசை. வேகம் மாற்றும் குமிழ் திரும்பாது. பட்டனை அழுத்தினால் உள்ளே போகும், வெளியே வராது. இங்கேதான் பலர் பலத்தைக் காட்டி உடைக்கிறார்கள். உள்ளே இருப்பது வார்ப்புத் துண்டுகள், பிளாஸ்டிக் நெம்புகோல்கள். உடைந்தால் அதே மாடலில் இன்னொரு செத்த மெஷினைத் தேட வேண்டும். தலைமுடி காய வைக்கும் கருவியால் மெல்லச் சூடு காட்டினால் பழைய கிரீஸ் இளகும். துடைத்துவிட்டு, புது கிரீஸ் ஒரு துளி. தண்டு சுழலும் புஷ்ஷில் எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் இரண்டாவது சொட்டு நேராக ரப்பரைத் தேடிப் போகும்.

டேப்பை அறுக்கிறவன்!

இனிதான் முக்கியமான கட்டம். டேப்பை அறுப்பது பெரும்பாலும் இரண்டு பேர்.

ஒன்று, வலது பக்கச் சுருளின் பிடிப்பு. கேப்ஸ்டன் டேப்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வலது சுருள் அதை வாங்கிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் கம்பளித் துணி மாதிரி ‘ஃபெல்ட்’ வைத்து, வழுக்கி வழுக்கிச் சுற்றுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. அது பழுதானால் சுருள் நிற்கும், கேப்ஸ்டன் நிற்காது. வருகிற டேப் எங்கே போகும்? திரும்பி கேப்ஸ்டன் மேலேயே சுற்றிக்கொள்ளும். ஆரம்பத்தில் சொன்ன ‘கர்ர்’ சத்தம் இதுதான்.

இன்னொன்று பிரேக். வேகமாகச் சுற்றவிட்டு ‘ஸ்டாப்’ அழுத்தும்போது இரண்டு சுருளும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒரு பிரேக் தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் நிற்கும், மறு பக்கம் ஓடும். டேப் தொளதொள என்று வெளியே கொட்டும், இல்லையேல் வெடுக்கென்று இழுபடும். அந்த இழுப்பில் ஆளுக்கு ஆள் கதை வேறு. 1950-களில் அதிகம் வந்த ‘அசிடேட்’ டேப் நறுக்கென்று அறும். ஒட்டினால் பேச்சு போகாது. பின்னால் வந்த ‘பாலியெஸ்டர்’ டேப் அறாது. ரப்பர் மாதிரி நீளும். நீண்ட இடத்தில் குரல் போனது போனதுதான். எது எது என்று கண்டுபிடிக்கச் சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அசிடேட்.

அறுந்ததைச் சாதாரண செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். வெயில் காலத்தில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். டேப் ஒட்டுவதற்கென்றே தனி ஒட்டுநாடா இருக்கிறது.

பேய் பேசுதா?

சில டேப்பைப் போட்டால், பாட்டுக்கு நடுவே புரியாத பாஷையில் யாரோ முனகுவது கேட்கும். ராத்திரியில் கேட்டால் குலை நடுங்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை! டேப்பை நாலு வரியாகப் பிரித்துப் பதிகிற மெஷின் உண்டு. இரண்டு வரியாகப் பதிகிற மெஷின் உண்டு. நாலு வரி டேப்பை இரண்டு வரி மெஷினில் போட்டால், மறு பக்கத்துப் பேச்சும் சேர்ந்து, பின்னாலிருந்து முன்னாலாகக் கேட்கும். அவ்வளவுதான் பேய்!

இன்னொரு அதிசயம்: ஒருவர் பேசுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர் குரல் நிழல் மாதிரி கேட்கும். வருஷக்கணக்கில் சுருண்டு கிடந்ததில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் இறங்கியிருக்கும். அது மெஷின் கோளாறு அல்ல.

அமெரிக்கா மெஷினா? பாட்டு அழும்!

சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த மெஷின் என்றால் இன்னொரு வில்லங்கம். அங்கே கரண்டு 110 வோல்ட். செகண்டுக்கு 60 சைக்கிள். இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் குறையும். சைக்கிள் மாறாது! பழைய ஏ.சி. மோட்டாரின் வேகம் சைக்கிளைப் பொறுத்தது. ஆகவே ஆறு பங்கு வேகத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு நிமிஷப் பாட்டு 1 நிமிஷம் 12 செகண்ட் ஓடும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் போல இறங்கும். அத்தையின் குரல் மாமா குரலாகக் கேட்கும்! கேப்ஸ்டனுக்குக் கொஞ்சம் தடிமனான உறை போட்டால், அல்லது மோட்டார் புல்லியை மாற்றினால் தீரும். சிலோன், சிங்கப்பூர் வழியாக வந்த மெஷின்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கேயும் 50 சைக்கிள்தான்.

குரல் மாறினால் என்ன என்று கேட்கலாம். கோர்ட்டுக்குப் போனால் தெரியும்! பம்பாய் முனிசிபல் குமாஸ்தா ஒருவருக்கு லஞ்சம் கொடுக்க வந்த பேச்சை, ஒளித்து வைத்த மைக் மூலம் போலீசார் டேப்பில் பிடித்தார்கள். யூசுப் அலி வழக்கு. டேப் பேச்சும் சாட்சியம் ஆகும் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது. டேப்புக்கு சீல் வைக்காதது பற்றியும் அங்கே வாதம் நடந்தது. பிறகு வந்த ராம் சிங் வழக்கில், யார் குரல் என்று அடையாளம் தெரிய வேண்டும், டேப் பத்திரமான காவலில் இருந்திருக்க வேண்டும், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வகுத்தார்கள். ரப்பர் வழுக்கும் மெஷினில் போட்டால் எந்தக் குரலை யார் அடையாளம் காட்டுவது?

சிவப்பு பட்டன் ஜாக்கிரதை

கேசட்டில் பின்பக்கத்துச் சின்னத் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் பதியாது. ஸ்பூலில் அப்படி ஒரு காவல் கிடையாது. கை தவறி ‘ரிக்கார்ட்’ விழுந்தால் ஓடுகிற வரைக்கும் அழியும்.

அமெரிக்காவில் ‘வாட்டர்கேட்’ ஊழல் விசாரணையில் நடந்ததும் இந்த விவகாரமே. ஜனாதிபதி நிக்சனின் அறையில் 1972 ஜூன் 20-ந் தேதி பதிவான டேப்பில் பதினெட்டரை நிமிஷம் வெறும் இரைச்சல்! டெலிபோனை எடுக்கும்போது தெரியாமல் பட்டனை அழுத்திவிட்டிருக்கலாம் என்றார் அவருடைய பெண் செயலாளர். அதுவும் ஐந்து நிமிஷம்போலத்தான் என்றார். டேப்பைச் சோதித்த நிபுணர்கள், ஒரு தடவை அல்ல, குறைந்தது ஐந்து தடவை அழித்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அழித்தது யார் என்று இன்று வரை துலங்கவில்லை.

நம் வீட்டில் துலங்கி என்ன பிரயோசனம்? மெஷினைச் சரி பார்க்கும்போதே, அழிக்கும் ஹெட்டுக்குப் போகிற வயரையும் ரிக்கார்ட் இணைப்பையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். இனி அந்த மெஷின் கேட்பதற்கு மட்டும்தானே!

வேலையின் வரிசை

மெக்கானிக் கையில் கொடுத்ததும் முதலில் பார்ப்பது கரண்டு. நேராகச் சொருகாமல், ‘சீரிஸ் பல்ப்’ வழியாகக் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மெஷின் தப்பும். வால்வு மெஷினை வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருநூறு முந்நூறு வோல்ட் தங்கியிருக்கும். ஆளைத் தூக்கி அடிக்கும்.

அப்புறம் கிரீஸ், ரப்பர், பெல்ட், பிரேக். அதன் பிறகு டேப் போகிற பாதை. ஹெட்டின் மேல் பழுப்பாகத் தூள் படிந்திருந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் கண்ணாடியைத் துடைத்த மாதிரி தெளியும். காந்தம் ஏறிய திருப்புளியை ஹெட் பக்கம் கொண்டு போகக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் எதற்கும் உதவாத ஒரு டேப்பைப் போட்டு ஓட்ட வேண்டும். ஒரு தடவை அல்ல. பிளே, ஸ்டாப், முன் சுற்று, பின் சுற்று என்று மாறி மாறி, ஒரு முழுச் சுருளும். டேப் கொட்டாமல், நெளியாமல், நின்ற இடத்தில் நின்றால் மட்டுமே அப்பா டேப்புக்கு அனுமதி. அந்த முதல் ஓட்டமே கம்ப்யூட்டரில் ஏற்றும் ஓட்டமாக இருக்கட்டும். “முதல்ல கேட்டுப் பாத்துட்டு அப்புறம் ஏத்தலாம்” என்பது வேண்டாம். சில டேப்புக்கு ஒரு ஓட்டத்துக்குத்தான் உயிர் இருக்கும்.

டேப் ஓடும்போது கிறீச்சிட்டு, பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு ஹெட்டில் அப்பினால் உடனே நிறுத்துங்கள். 1970, 80-களில் வந்த சில டேப்புகளில் பசை ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிட்டிருக்கும். அதற்கு 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைத்து எடுக்கிற வைத்தியம் உண்டு. ஆனால் அசிடேட் டேப்புக்கு அந்த வைத்தியமே விஷம். வீட்டு அடுப்பில் சோதனை செய்யாதீர்கள்.

நனைந்த டேப் என்ன ஆகும்?

வெள்ளத்தில் நனைந்த டேப் செத்தது என்று தூக்கிப் போட வேண்டாம். குரல் காந்தத்தில் இருக்கிறது. தண்ணீர் காந்தத்தை அழிக்காது. கெடுப்பது சேறும் பூஞ்சணமும்தான். சேறு காய்ந்த டேப்பை ஓட்டினால் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி ஹெட்டும் போகும், டேப்பும் போகும்.

நனைந்தவுடன் சுருளோடு நல்ல தண்ணீரில், முடிந்தால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில், அலசி எடுங்கள். நிழலில், காற்றாடிக் காற்றில், செங்குத்தாக நிறுத்திக் காய வையுங்கள். வெயில் வேண்டாம். அட்டைப் பெட்டியைத் தனியே எடுத்து, அதில் எழுதியிருந்ததைப் பார்த்து வேறு காகிதத்தில் எழுதி வையுங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தால் மூக்கை மூடிக்கொண்டு தொடுங்கள். அந்த டேப்பை மற்ற டேப்புகளோடு சேர்த்து வைக்க வேண்டாம்.

பதிவு முடிந்த டேப்பை உடனே வேகமாகத் திருப்பிச் சுற்றுவது பலருக்குப் பழக்கம். வேண்டாம். வலது சுருளில் நிதானமாகச் சுற்றியிருப்பதை அப்படியே எடுத்து, முனையை ஒட்டி, பெட்டி மேல் ‘கடைசி வெளியே’ என்று எழுதி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். கீழ்த் தட்டில் அல்ல. ஏரலில் 2023-ல் தண்ணீர் எது வரைக்கும் ஏறியது என்று சுவரைப் பார்த்தால் தெரியும், அதற்கு மேலே.